மஞ்சள்பொடிக் கோடு

கொதிக்கும் கொப்பரையிலிருந்து துடுப்பு நுனியால் கொஞ்சம் வழித்து, அது முழுதாக ஆறுவதற்கு முன்பே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். திரண்டு வர வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. அழுத்தினால் விரல் ரேகை அதன்மேல் அப்படியே பதிய வேண்டும். அதற்குப் பிறகு ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கரையாமல், கலையாமல், போட்டது போட்டபடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் லேகியம் பதத்துக்கு வந்துவிட்டது, அடுப்பை அணைக்கலாம். பத்தொன்பது வருஷமாக ஒரே ஆள் இதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ‘பதம்’ என்று ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவார்.

பதத்துக்கு லேகியம் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருக்கு அதைக் கண்டால் குமட்டும்.

அமுக்கராக் கிழங்கை இடித்துக் கொட்டும்போது ஈரமான மிருகம் ஒன்று பக்கத்தில் வந்து நிற்பது போல ஒரு வாடை கிளம்பும். நெல்லிக்காய் விழுது வேகும்போது புளித்த ஏப்பம் மாதிரி ஒன்று. நெய் சூடேறினால் அது இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டை, தலைமயிர், காது மடல் என்று பூசிவிடும். வெல்லத்தின் வாசனை மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இனிப்பு என்று ஒரு வாசனை உலகத்தில் இருப்பதே அவர் மூக்குக்கு மறந்துவிட்டது. நகக்கண்களில் பழுப்பாக ஓர் ஓரம். சோற்றில் கை வைக்கும்போது அதைப் பார்த்துவிட்டால் பாதி பசி போய்விடும்.

“ஊர்ல இருக்கிற ஆம்பளைக்கெல்லாம் தெம்பு கிண்டிக் கொடுக்கிறீங்க,” என்பாள் மனைவி, அவருக்கென்று தனியாக வைத்திருக்கும் துண்டைத் தூர நின்று நீட்டியபடி. “வீட்டுக்கு வந்தா குதிரை லாயத்துல படுத்து எந்திரிச்ச மாதிரி நிக்கிறீங்க. மொதல்ல குளிங்க. அப்புறம் பேசுங்க.”

அவர் குளிப்பார். குளித்த பிறகும் அவள் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டுதான் படுப்பாள். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாசகம் அப்போது அவருக்கு நினைவுக்கு வரும். இருட்டில் தனியாகச் சிரித்துக்கொள்வார். நல்ல சிரிப்பு இல்லை அது.

வாசகம் இதுதான்: ‘ஆண்களின் அன்றாட ஆரோக்கியத்துக்கும் சக்திக்கும்.’ கறுப்பு பாட்டில், தங்க நிற எழுத்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரை. இதே கொப்பரையில் இதே லேகியம் ரோஸ் நிற பாட்டிலில் போனால் குழந்தைகளின் ஞாபக சக்திக்கு. பூப் போட்ட பாட்டிலில் போனால் பெண்களின் களைப்புக்கு. மூடி மட்டும் வேறு. கறுப்பு பாட்டில்தான் அதிகம் விற்றது.

அதை வாங்க வருகிறவர்களை அவர் கொப்பரைக் கூடத்தின் சன்னல் வழியே பார்ப்பார். முன்பக்கம் விற்பனை அறை. ஆண்கள் வருவார்கள். நேராகக் கறுப்பு பாட்டிலிடம் போக மாட்டார்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை எடுத்துப் பார்ப்பார்கள். பல்பொடியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைத் தேர்வுக்குப் படிப்பது மாதிரி படிப்பார்கள். இருக்கிற ஒரே வாடிக்கையாளரும் வெளியே போனதும் குரலை இறக்கி, “ஒரு நண்பர் கேட்டார்” என்பார்கள். அந்த ஊரில் எல்லா ஆண்களுக்கும் சக்தியில்லாத ஒரு நண்பர் இருந்தார். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லி வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போவார்கள். அந்த நடையைப் பார்க்க அவருக்குச் சகிக்காது. தூக்கம் இல்லாத கண், வெளியே தள்ளிய வயிறு, படியிறங்கினாலே மூச்சு வாங்கும் உடம்பு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு கரண்டி லேகியத்தில் குதிரையாகிவிடப் போகிறார்கள்.

தொழிற்சாலைக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். ஆயுர்வேதம் ஐந்தரை வருஷம் முறையாகப் படித்தவர். வயது முப்பத்தைந்துக்குள். உரிமத்துக்கு ஒரு மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர். ஆனால் வந்த புதிதில் அவர் அதை நிஜ வேலை என்று நினைத்துவிட்டார். லேகியம் கேட்டு வருகிறவர்களுக்கு ஏழு கேள்விகள் போட்டு ஒரு தாள் தயாரித்தார். பசிக்கிறதா, தூக்கம் எப்படி, காலையில் ஒழுங்காகப் போகிறதா, தாகம் அதிகமா, சமீபத்தில் இளைத்தீர்களா, என்ன வேலை, சர்க்கரை இருக்கிறதா. தாளை நிரப்பிய பத்துப் பேரில் மூன்று பேருக்குக்கூட அவர் லேகியம் தரவில்லை. “உங்களுக்குத் தூக்கம்தாங்க மருந்து. பத்து மணிக்குப் படுங்க, சாயங்காலம் நடங்க, மறுபடி வாங்க” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். பதமும் அங்கே நின்றிருந்தார்.

“ஏம்மா, கூச்சப்பட்டு வர்றவன்கிட்ட காலைல எப்படிப் போகுதுன்னு கேட்டா அவன் நிப்பானா?”

“கேக்காம கொடுத்தா மருந்து இல்ல சார் அது. இதுல முக்கால்வாசி வெல்லம். சர்க்கரை இருக்கிறவங்க கையில போனா என்ன ஆகும்? லேபிள்லயாவது போடுங்க.”

“கறுப்பு பாட்டில்ல வியாதிப் பேரு எழுதினா எந்த ஆம்பளை கையில எடுப்பான்? இதோ, பத்தொம்பது வருஷமா கிண்டற மனுஷன் நிக்கிறாரு. அவரையே கேளுங்க. என்ன பதம், இத்தனை வருஷத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னு கேள்விப்பட்டிருக்கோமா?”

“இல்லீங்க முதலாளி” என்றார் பதம்.

கேள்விப்படாதது நிஜம்தான். கேட்டதே இல்லை என்பதும் நிஜம். டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் துடுப்பைக் கழுவும் சாக்கில் முதுகில் வாங்கிக்கொண்டார். ஏழு கேள்வித் தாளின் பின்பக்கம் அதற்குப் பிறகு டீ கணக்கு எழுதப் பயன்பட்டது.

பதத்தின் மனைவிக்கு ஓர் அண்ணன். பதத்துக்கு மச்சான். வெளியூர் பஸ் ஓட்டுபவர். ஆறடி ஆள், தொண்டையைத் திறந்தால் ஹாரனே தேவையில்லை என்று டிப்போவில் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் இந்த மச்சான் தங்கை வீட்டுக்காரரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. “எங்க மாப்ள என்ன பண்றாரா? ஜாம் கிண்டறாரு” என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். கூட்டம் சிரிக்கும். பதமும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

ஐம்பதைத் தொட்டதும் மச்சானுக்கு உடம்பு தளர்ந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண் சொருகுகிறது, இறங்கினால் கால் இரண்டும் கல்லாகக் கனக்கிறது என்று ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தங்கை வீட்டுக்கு வந்து, அவள் சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ள, அந்தக் குதிரை பாட்டில் இருக்குல்ல. அது நிஜமா வேலை செய்யுமா?”

பதினெட்டு வருஷத்தில் மச்சான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதத்துக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது.

“செய்யும் மச்சான்.”

“நீ சாப்பிடறியா?”

விரல் நுனியில் ருசி பார்த்து உடனே வாய் கொப்பளிப்பதைத் தவிர அவர் அதை வாழ்நாளில் ஒரு கரண்டி தின்றதில்லை.

“தெனமும்” என்றார்.

அன்றிலிருந்து தொழிற்சாலையில் ஆட்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் இரண்டு பாட்டில்களும் மச்சான் வீட்டுக்குப் போயின. மூன்று மாதத்தில் மச்சான் இளைத்தார். தொப்பை வற்றியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். “பாரு, ஊளைச் சதையெல்லாம் கரைஞ்சிடுச்சு. எங்க மாப்ள கைமருந்து” என்று டிப்போவில் வயிற்றைத் தட்டிக் காட்டினார். பசியும் பிடுங்கித் தின்றது. இரண்டு தட்டு சாப்பிட்டார். தண்ணீர் தாகம் எடுத்தது; உடம்பில் சூடு ஏறுகிறது, மருந்து பிடிக்கிறது என்று பதம் விளக்கம் சொன்னார். ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து போனார். கெட்ட நீர் எல்லாம் வெளியேறுகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். களைப்பு மட்டும் போகவில்லை. அதனால் மச்சான் ஒரு கரண்டியை மூன்றாக்கினார். டிப்போவில் நாலு டிரைவர்களுக்கும் சொன்னார். கொடுக்கும் இரண்டு பாட்டில் போதாமல் பதம் விற்பனை அறையிலும் வாங்கிக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றச் சொல்லவில்லை. கறுப்பு பாட்டில் வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

இப்போது விசேஷ வீடுகளில் மச்சான் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி, “வா மாப்ள, இங்க உக்காரு” என்றார். ஜாம் என்ற சொல்லே குடும்பத்தில் காணாமல் போயிற்று. மனைவிகூடத் தலையணையைக் கால்மாட்டுக்குத் தள்ளியிருந்தாள்.

ஒரு நாள் மச்சான் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குளியலறைத் தரையில் எறும்புகளைப் பார்த்தார். சன்னலிலிருந்து சுவரோரமாக ஒரு சரம் இறங்கி, கக்கூஸ் கிண்ணத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. சின்ன எறும்பு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பீங்கானின் ஓரத்தில் கறுப்பாக விளிம்பு கட்டியிருந்தது. மச்சான் அவசரத்தில் தெறித்துவிட்டுப் போகிற ஆள். தெறித்த இடமெல்லாம் எறும்பு.

அவருக்குச் சாப்பிட்டது தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

எறும்பு அவருக்குப் புதிதல்ல, ஜென்ம விரோதி. கொப்பரைக் கூடத்தில் அவருடைய பாதி வேலை எறும்போடுதான். மேசைக் கால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குவளை, வெல்ல மூட்டைகளைச் சுற்றி மஞ்சள்பொடிக் கோடு. ஒரு எறும்பு பாட்டிலுக்குள் போனால் அந்த அடுக்கு முழுதும் திரும்பி வரும். அதனால் எறும்பைப் பார்த்ததும் அவர் புத்தி தொழிற்சாலைக்குத்தான் ஓடியது. மச்சான், வீட்டுப் பெண்கள் கண்ணில் படாமல், இங்கே வந்து நின்று லேகியம் தின்கிறார், கரண்டியைக் கழுவும்போது சிந்துகிறது. ஆண்கள் எல்லாரும் அப்படித்தானே.

வெளியே வந்து மச்சானின் மனைவியிடம் சொன்னார். “அக்கா, பாத்ரூம்ல ஒரே எறும்பா இருக்கே.”

“ரெண்டு மாசமா இதே ரோதனைதான் தம்பி. பினாயில் ஊத்திக் கழுவுறேன், சாயங்காலம் திரும்ப வந்துடுது. உங்க மச்சான் போனாத்தான் ஜாஸ்தி வருது. மனுஷன் குறி பார்க்கத் தெரியாம நாப்பது பேரை வச்சு பஸ் ஓட்டறாரு.”

“மஞ்சள்பொடி குடுங்க” என்றார்.

சன்னல் விளிம்பில் ஒரு கோடு, சுவரோரமாக ஒன்று, கிண்ணத்தைச் சுற்றி ஒன்று. குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கோணாமல் போட்டார். எறும்புகள் கோட்டருகே வந்து தயங்கித் திரும்பின. மச்சானின் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, “தொழில் தெரிஞ்சவங்க தொழில் தெரிஞ்சவங்கதான்” என்றாள். வாரத்துக்கு ஒரு தடவை கோட்டைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு வந்தார். எறும்பு வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் மச்சானின் வலது கால் சுண்டுவிரலில் ஷூ கடித்து ஒரு புண் வந்தது. மிளகளவு. வலியே இல்லை என்றார் மச்சான். வலிக்காததுதான் பெருமை போல. மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. ஈரம் கசிந்தது. சாக்ஸைக் கழற்றினால் ஒரு வாடை வந்தது. லேகியக் கூடத்தில் எதையும் தாங்கும் பதத்தின் மூக்கே அதைத் தாங்கவில்லை; தொட்டியில் நாள்கணக்கில் கிடந்த நெல்லிச் சக்கை மாதிரி. லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் மூன்று மாதமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். “தெம்பு வரட்டும் மாப்ள, அப்புறம் போய் நிக்கிறேன். ஒரு கரண்டி கூட்டிக்கவா?”

“கூட்டிக்குங்க” என்றார் பதம். அப்போது அவர் கண் அந்தச் சாக்ஸைப் பார்க்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தது.

வெயில் காலத்தில் எறும்பு அதிகம். ஒரு காலை கொப்பரைக் கூடத்தில் அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டிய தாள்களோடு வந்தார். லேகியத்தை வைத்துச் சண்டை போட்டு ஓய்ந்தவர். இப்போதெல்லாம் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

“மஞ்சளுக்கு நிஜமாவே எறும்பு பயப்படுதா?” என்றார், சும்மா ஒரு பேச்சுக்கு.

“வாசல்ல நின்னுடும் டாக்டரம்மா. என் மச்சான் வீட்டு பாத்ரூம்லகூட இதே வைத்தியம்தான். மூணு நாள்ல ஒழிஞ்சுது.”

“பாத்ரூம்லயா? அங்க என்ன இருக்கு எறும்புக்கு?”

“லேகியத்தை அங்க நின்னு தின்பார் போலிருக்கு. கிண்ணத்தைச் சுத்தி மொய்ச்சிருந்துச்சு.”

டாக்டரம்மா தாளிலிருந்து பேனாவை எடுத்தார். “எந்தக் கிண்ணம்?”

அவர் சொன்னார்.

“அவர் போயிட்டு வந்த பிறகுதான் வருதா?”

“அப்படித்தான் அக்கா சொன்னாங்க.”

“இளைச்சிருக்காரா?”

“நல்லா இளைச்சு...” என்று பெருமையாக ஆரம்பித்தவர் நடுவில் நின்றார்.

“தண்ணி நிறையக் குடிக்கிறாரா? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரா? கால்ல ஏதாவது புண்ணு?”

ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஏழு மாதமாக அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துச் சந்தோஷப்பட்ட பதில்கள். ஏழு கேள்வித் தாளை யாரோ அவர் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வது மாதிரி இருந்தது. கொப்பரையில் குமிழி வெடித்து ஒரு சொட்டு அவர் புறங்கையில் விழுந்தது. துடைக்கவில்லை.

“அவருக்கு இதையா கொடுத்தீங்க?” என்றார் டாக்டரம்மா, கொப்பரையைக் காட்டி. குரலில் கோபம் இல்லை, அருவருப்பு இருந்தது. “சிறுநீர்ல எறும்பு மொய்க்கிறது நாங்க முதல் வருஷம் படிக்கிற பாடம். எங்க பழைய புஸ்தகத்திலேயே இருக்கு. அந்த எறும்பு உங்க மச்சானுக்கு வைத்தியம் பார்த்திருக்கு பதம். உங்களைவிட நல்லா. அதைப் போய்க் கோடு போட்டு விரட்டிட்டீங்க.”

அவர் கையிலிருந்த மஞ்சள்பொடி டப்பாவைக் கீழே வைத்தார்.

“இன்னைக்கே ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. ஆறாத புண்ணுன்னு சொல்றீங்க. கால் போயிடும். என்கிட்ட இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு. முதல்ல அந்த லேகியத்தை நிறுத்தச் சொல்லுங்க.”

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். வேகும் நேரத்தில் கொப்பரையை விட்டு வந்தது அதுவே முதல் தடவை. பஸ் நிறுத்தம்வரை நடந்தார். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. தான் என்ன யோசித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது தெரிந்ததும் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. மச்சானின் காலைப் பற்றி அல்ல. பக்கத்து நாற்காலியைப் பற்றி. ‘வா மாப்ள, இங்க உக்காரு.’ புண்ணை மட்டும் காட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம், லேகியத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், மெதுவாக பாட்டில் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இப்படி ஒரு முழு ஏற்பாட்டை அந்த இரண்டு பஸ்ஸுக்குள் மனசு பதமாகக் கிண்டி எடுத்திருந்தது. பேச்சு எடுக்காவிட்டால் மச்சான் அதை நிறுத்த மாட்டார், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே திருட்டுத்தனமாகத் தின்பார் என்பதும் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது பஸ்ஸில் ஏறினார்.

மச்சான் வீட்டில்தான் இருந்தார். காலைத் தூக்கி முக்காலியில் வைத்திருந்தார். பனியனோடு நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த ஆறடி உடம்பில் தோல் சுருங்கித் தொங்குவதை அன்றுதான் பார்ப்பது போலப் பதம் பார்த்தார். “என்ன மாப்ள, வேலை நேரத்துல? பாட்டில் கொண்டாந்தியா?”

பதில் சொல்லாமல் குளியலறைக்குப் போனார். மக்கில் தண்ணீர் மொண்டு மஞ்சள் கோட்டைக் கழுவிவிட்டார். சன்னல் விளிம்பைத் துணியால் துடைத்தார். வந்து எதிரில் உட்கார்ந்தார். “கொஞ்சம் பொறுங்க மச்சான். ஒண்ணு காட்டணும். இப்ப ஒருதரம் பாத்ரூம் போயிட்டு வாங்க. தண்ணி ஊத்தாதீங்க.”

“என்ன எழவுடா இது” என்று சிரித்தபடி மச்சான் நொண்டிக்கொண்டு போய் வந்தார்.

மச்சானின் மனைவி டீ வைத்தாள். பதம் குடிக்கவில்லை. அரை மணி ஆயிற்று. பிறகு மச்சானைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் நிலைப்படியில் நிறுத்தினார். சன்னலிலிருந்து சரம் இறங்கிவிட்டிருந்தது. கிண்ணத்தின் விளிம்பு கறுத்து, நெளிந்துகொண்டிருந்தது.

“சீ” என்றார் மச்சான்.

“லேகியம் சிந்தலை மச்சான். உங்க மூத்திரத்துக்கு வருது. அதுல சர்க்கரை. உங்களுக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கு. ஏழு மாசமா அதுமேல நான் வெல்லத்தை ஊத்திக்கிட்டிருந்தேன். முக்கால்வாசி வெல்லம்தான் அது. எனக்குத் தெரியும். எறும்பு வந்து சொல்லுச்சு. அதையும் நானே விரட்டினேன்.”

மச்சான் எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயும்தானே தின்னே” என்றார். “உனக்கு ஒண்ணும் ஆகலையே.”

இதுதான் இன்னும் சொல்லாமல் மிச்சம் வைத்திருந்தது. அவர் ஒரு கையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டார்.

“நான் தின்னதில்ல. ஒரு கரண்டிகூட. எனக்கு அது குமட்டும் மச்சான்.”

மச்சானின் மனைவி பின்னால் நின்றிருந்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மச்சான் அவர் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டார். தள்ளவில்லை. சட்டையில் ஒட்டிய எதையோ எடுத்துப் போடுவது மாதிரி எடுத்துப் போட்டார்.

“ஆட்டோ கூப்பிடு” என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரியில் மச்சானின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். எண்ணைப் பார்த்த நர்ஸ் மெஷின்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு மெஷினில் பார்த்தாள். அதுவும் முந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது. பதினோரு நாள் வைத்திருந்தார்கள். கால் தப்பித்தது. சுண்டுவிரல் தப்பிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதத்தோடு எடுத்திருக்க வேண்டும் என்று அறுத்தவர் சொன்னார். மச்சான் உத்தரவின்பேரில் டிப்போ டிரைவர்கள் நாலு பேரும் ரத்தம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு இருந்தது.

அந்தப் பதினோரு நாளும் பதம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. பதத்தின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு அவரைத் தாண்டிப் போவாள், வருவாள். வீட்டில் தலையணை திரும்ப நடுவுக்கு வந்திருந்தது. “வாசனைக்காக இல்ல” என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் டாக்டரம்மாவின் பழைய தாளில் டீ கணக்கு எழுதாத ஒன்றைத் தேடி எடுத்து, விற்பனை அறையில் கறுப்பு பாட்டில்களுக்கு நேர் மேலே பசை தடவி ஒட்டினார். முதலாளி வந்து கிழித்தார். மறுநாள் இன்னொன்றை ஒட்டினார். கிழித்தார். பதம் பார்க்க வேறு ஆள் இல்லாததால் முதலாளி கிழிப்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. கிழிந்த தாளின் ஓரங்கள் சுவரில் சொறி மாதிரி படிந்துபோயிருந்தன. வாங்க வந்தவர்கள் பல்பொடியைப் பார்க்கும் சாக்கில் அதைப் படித்தார்கள். ஓரிருவர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

மச்சான் வீடு திரும்பிய ஞாயிறு ஆள் அனுப்பினார். பதம் போனபோது நாற்காலியில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார். முக்காலியில் ஆறு கறுப்பு பாட்டில். பக்கத்து நாற்காலியில் மாத்திரைப் பைகளும் ஒரு துண்டும் கிடந்தன. யாரும் அதை எடுத்து இடம் பண்ணவில்லை.

“எடுத்துட்டுப் போய் கக்கூஸ்ல கொட்டு” என்றார் மச்சான். “குப்பைல போட்டா எவனாவது எடுத்துத் தின்பான். கரண்டி அங்கேயே இருக்கு.”

பதம் மூடிகளைத் திறந்தார். அந்தக் குறுகின அறையில் வாடை எழுந்து முகத்தில் அடித்தது. கரண்டியால் தோண்டித் தோண்டிக் கிண்ணத்தில் போட்டார். ஒவ்வொரு உருண்டையும் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. ஆறு பாட்டிலும் காலியானதும் தண்ணீர் ஊற்றினார். போகவில்லை. இன்னொரு வாளி ஊற்றினார். பழுப்பு நிறத்தில், பளபளவென்று, போட்டது போட்டபடி கிடந்தது. பார்ப்பதற்கு அந்த இடத்தில் வழக்கமாகக் கிடப்பதைப் போலவே இருந்தது. மூன்று, நாலு, ஐந்து வாளி. ஒரு துளி கரையவில்லை. ஒரு விளிம்பு கலையவில்லை. கரண்டியின் காம்பு பதிந்த இடம்கூட அப்படியே தெரிந்தது.

முன்னறையிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். பழைய குரலில் பாதிதான் இருந்தது.

“என்ன மாப்ள, போச்சா?”

“போகலை மச்சான்.”

“ஏனாம்?”

அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். வாயில் எச்சில் ஊறி நின்றது. விழுங்கவும் முடியவில்லை.

“பதம் சரியா இருக்கு” என்றார்.

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. “அப்ப கையை விட்டு எடு” என்றார் மச்சான்.

பதம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு குனிந்தார்.